பேராயர் மடல்னா என்ன? விசுவாசம், மிஷன் பத்தி ஆங்கிலிக்கன் தலைவர்கள் எழுதறத எப்படிப் படிக்கறது

ஞாயித்துக்கிழமை ஆராதனைல அறிவிப்பெல்லாம் வாசிச்சு முடிச்சதும், சில வாரம் ஆயர் (சபைய நடத்தற போதகர்) ஒரு பேப்பர எடுத்து "பேராயர் அனுப்பின மடல்"னு சொல்லி வாசிப்பாரு. பேராயர்னா பல சபைங்களுக்கு மேல இருக்கற பிஷப், மடல்னா கடிதம். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சர்ச்சுக்குப் போறவங்களுக்கு இது நல்லா பழக்கமான விஷயம்தான். ஆனா அந்த நேரத்துலதான் பாதி பேரு பாட்டுப் புஸ்தகத்த பைக்குள்ள வைக்கறாங்க, வாலிபப் பசங்க வெளிய வண்டிகிட்ட போயிடறாங்க. எனக்கு அது ரொம்ப வருத்தமா இருக்கும். ஏன்னா அந்த ஒரு பக்கத்துக்குப் பின்னாடி ரெண்டாயிரம் வருஷப் பழக்கம் ஒன்னு இருக்கு, அது நமக்காகத்தான் எழுதப்படுது, அதக் காது குடுத்துக் கேட்டா நம்ம ஊர்ல நாம என்ன செய்யணும்னு ஒரு தெளிவு கெடைக்கும். திடப்படுத்தல் (கன்ஃபர்மேஷன்) வகுப்புல இருக்கற பசங்க, புதுசா சபைக்கு வர்றவங்க, கிறிஸ்தவங்களா இல்லாட்டியும் "உங்க சபைல என்னதான் பேசிக்கறீங்க"ன்னு கேக்கற பக்கத்து வீட்டுக்காரங்க, இவங்க எல்லாருக்கும் சேத்துத்தான் இத எழுதறேன்.

மொதல்ல ஆங்கிலிக்கன்னா யாருன்னு பாத்துடலாம். 1534ல இங்கிலாந்து சபை ரோம் போப்போட அதிகாரத்துல இருந்து பிரிஞ்சுச்சு. அதுக்கப்புறம் இங்கிலீஷ்காரங்க கப்பல் போன நாட்டுக்கெல்லாம் அந்த சபையும் போச்சு, போன எடத்துல எல்லாம் அந்தந்த ஊர் ஜனங்க அதத் தங்களோடதா ஆக்கிக்கிட்டாங்க. இன்னைக்கு நாப்பதுக்கு மேல தனித்தனி மாகாண சபைங்க, 165க்கு மேல நாடுங்க, சுமார் எட்டரைக் கோடி பேரு. ஆங்கிலிக்கன்னு சொன்னதும் வெள்ளைக்கார முகம் ஒன்னு ஞாபகத்துக்கு வரும், ஆனா நெசத்துல இதுல ரொம்பப் பேரு நைஜீரியா, உகாண்டா, கென்யா மாதிரி ஆப்பிரிக்க நாட்டு ஜனங்க.

இதுக்கெல்லாம் மூத்தவரு கேன்டர்பரி பேராயர். ஆனா அவரு போப் கிடையாது, இத நல்லா மனசுல வச்சுக்குங்க. நம்ம மாவட்டத்துல ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) சபையும் பெருசு, 1997ல தர்மபுரிக்குன்னு தனி மறைமாவட்டமே வந்துச்சு, அதனால நெறைய பேரு ரெண்டு முறையும் ஒன்னுன்னு நெனச்சுக்கறாங்க. அங்க ரோம்ல இருந்து உத்தரவே வரும். கேன்டர்பரி பேராயரு அப்படி இன்னொரு நாட்டு சபைக்கு உத்தரவு போட முடியாது. தனித்தனி அடுப்பு வச்ச பங்காளி வீடுங்க மாதிரி, பெரிய வீட்டு அண்ணன் சொல்லுக்கு மரியாத உண்டு, ஆனா அவங்கவங்க வீட்டு முடிவ அவங்கவங்கதான் எடுப்பாங்க. 2025 அக்டோபர்ல அந்தப் பொறுப்புக்கு சாரா முல்லாலின்னு ஒரு அம்மாவ அறிவிச்சாங்க, அந்த எடத்துக்கு வர்ற மொத பெண் அவங்கதான். ஊழியத்துக்கு வர்றதுக்கு முன்னாடி நர்ஸா வேல பாத்தவங்க, இங்கிலாந்து அரசாங்கத்தோட தலைமை நர்ஸா இருந்தவங்க. நம்ம சி.எஸ்.ஐ.ல அதுக்கு ரொம்ப முன்னாடியே, 2013லயே, நந்தியால் திருமண்டலத்துக்கு (ஒரு பேராயருக்குக் கீழ வர்ற பகுதிக்கு) புஷ்பலலிதா அம்மா பேராயரா வந்துட்டாங்க, இதையும் நம்ம பசங்க தெரிஞ்சு வச்சுக்கணும்.

சரி, தர்மபுரிக்கும் கேன்டர்பரிக்கும் என்ன சம்பந்தம்? நேரா பாத்தா இல்ல. நம்ம பக்கம் அப்போ சேலம் ஜில்லா, 1965ல தான் தர்மபுரி தனி மாவட்டம், 2004ல அதுல இருந்து கிருஷ்ணகிரி பிரிஞ்சுச்சு. அந்த சேலத்துல 1827ல வேலைய ஆரம்பிச்சது எல்.எம்.எஸ்.னு சொல்ற லண்டன் மிஷனரி சொசைட்டி. அவங்க பேராயர் முறையே இல்லாதவங்க, சபையோரே கூடி முடிவெடுக்கற வழி. கிருஷ்ணகிரில பாத்தா 1895ல லூத்தரன் மிஷனரிங்க வந்து வேலைய ஆரம்பிச்சாங்க, அது வேற கிளை, இன்னைக்கும் அந்த சபை இருக்கு. அப்போ ஆங்கிலிக்கன் எங்க இருந்து வந்துச்சுன்னா, 1947 செப்டம்பர் 27ஆம் தேதி சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல்ல தென்னிந்தியத் திருச்சபை பொறந்தப்போ வந்துச்சு. ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், அப்புறம் பிரஸ்பிட்டீரியனும் எல்.எம்.எஸ். வழிக்காரங்களும் முன்னாடியே சேந்து வச்சிருந்த ஐக்கிய சபை, இந்த மூனும் ஒன்னாச்சு. பேராயர் இருக்கற சபையும் இல்லாத சபையும் இப்படி சேந்தது உலகத்துலயே அதுதான் மொத தடவ. அதப் பாத்து இங்கிலாந்துல இருந்த ஆங்கிலிக்கன்காரங்க சில பேரு பயந்தாங்க, முழு உறவு வர்றதுக்கு ரொம்ப வருஷம் ஆச்சு. இன்னைக்கு சி.எஸ்.ஐ. ஆங்கிலிக்கன் ஐக்கியத்துல முழு அங்கம்.

அந்த ஒன்னாகற பேச்சுக்கு வேர் போட்டது நம்ம தமிழ்நாட்டு மனுஷன். வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1874ல வெள்ளாளன்விளைல பொறந்தவரு, 1912ல தோர்ணக்கல் பேராயரா ஆனாரு, ஆங்கிலிக்கன் சபைல மொத இந்தியப் பேராயர் அவருதான். 1919ல தரங்கம்பாடில கூடிப் பேசி, பிரிஞ்சு நிக்கற சபைங்க ஒன்னு சேரணும்னு அறிக்கை விட்டதுல அவரு முக்கியமானவரு. அதுக்கு முன்னாடியே, 1910ல எடின்பரோல உலக மிஷனரி மாநாடு நடந்தப்போ, அந்த சபைல எந்திரிச்சு நின்னு, நீங்க எங்களுக்கு பொருளக் குடுத்தீங்க, உயிரையே குடுத்தீங்க, ஆனா எங்களுக்கு நண்பர்களக் குடுங்கன்னு வெள்ளைக்கார மிஷனரிங்க மூஞ்சிக்கு நேரா கேட்டாரு. அன்னைக்கு நெறைய பேருக்கு அது பிடிக்கல. ஆனா மிஷன்னா மேல இருந்து கீழ ஒருத்தன் குடுக்கறது, இன்னொருத்தன் வாங்கிக்கறதுன்னு இருந்த எண்ணத்த அந்தப் பேச்சு அசச்சுது.

இப்போ விஷயத்துக்கு வருவோம். திருமண்டலத்துல இருந்து சபைக்கு நெறைய பேப்பர் வரும். கணக்கு அனுப்புங்க, கூட்டத்துக்கு வாங்க, ஆயர் மாறுதல், இதெல்லாம் சுற்றறிக்கை, நிர்வாகம். அது வேற, மடல் வேற. மடல்ல பேராயர் ஒரு மேய்ப்பரா பேசறாரு. பைபிள்ல பாத்தா, பவுல் ஜெயில்ல உக்காந்துகிட்டு பிலிப்பி சபைக்கு எழுதினதும், பேதுரு சிதறிப் போன ஜனங்களுக்கு எழுதினதும் இதே வகைதான். அந்தக் கடிதங்கள எடுத்து சாவகாசமா படிச்சுப் பாருங்க, எல்லாத்துலயும் ஒரு வரிசை இருக்கும். மொதல்ல உங்க கஷ்டம் எனக்குத் தெரியும்னு சொல்லுவாங்க, அப்புறம் தேவன் ஏற்கனவே என்ன செஞ்சிருக்காருன்னு ஞாபகப்படுத்துவாங்க, அதுக்கும் அப்புறம்தான் எந்திரிங்க, இதச் செய்யுங்கன்னு சொல்லுவாங்க. மூப்பருங்களுக்கு பேதுரு சொல்றப்ப, மந்தைய மேய்ங்க, ஆனா அதிகாரம் பண்றவங்களா இருக்காதீங்க, முன்மாதிரியா இருங்கன்னுதான் சொல்றாரு.

இந்த வரிசைலதான் எல்லாமே இருக்குன்னு நான் நெனைக்கறேன். விசுவாசம் முன்னாடி, மிஷன் பின்னாடி. அதுக்காக ரெண்டும் தனித்தனின்னு அர்த்தம் இல்ல, ஒன்னுல இருந்துதான் இன்னொன்னு கெளம்பணும். உதாரணத்துக்கு நானே ரெண்டு விதமா எழுதிக் காட்டறேன் (இதுல வர்ற சேகரம்னா ஒரு ஆயருக்குக் கீழ வர்ற சபைங்க). "இந்த வருஷம் ஒவ்வொரு சேகரமும் பத்து புதுக் குடும்பத்த சேக்கணும், இல்லன்னா ஏன்னு எழுத்துல பதில் தரணும்." இது டார்கெட், கம்பெனில மாசக் கடைசில குடுக்கறாங்களே அது. இதக் கேட்டு யாருக்கும் தெம்பு வராது, பயம்தான் வரும். இன்னொன்னு: "ஓசூர் சிப்காட்ல ஷிப்ட் முடிச்சு கண்ணு எரிய ஆராதனைக்கு வர்ற தம்பிங்களே, பெங்களூர்ல கட்டட வேலைக்குப் போயி பிள்ளைங்கள பாட்டிகிட்ட விட்டுட்டுப் போன அம்மாக்களே, உங்க களைப்ப கர்த்தர் பாக்கறாரு. நீங்க போற அந்த எடத்துலயும் அவரு ஏற்கனவே இருக்காரு. உங்க பக்கத்துல வேல செய்யற ஒடிசா பையன் சாப்பிட்டானான்னு கேளுங்க, அங்க இருந்து ஆரம்பிங்க." இதுலயும் வேல குடுத்திருக்கு, சொல்லப்போனா முன்னத விட கஷ்டமான வேலதான், ஆனா கேக்கறவன் தன்னை ஒருத்தர் பாத்துட்டாருன்னு உணர்ந்துட்டுத்தான் எந்திரிப்பான். உற்சாகப்படுத்தறதுன்னா வெறும் இனிப்பா பேசறது இல்ல, தாங்கிப் பிடிச்சு அனுப்பறது.

சில நேரம் அந்தக் கடிதத்துக்கு உயிரே வெலையாப் போயிருக்கு. உகாண்டால இடி அமீன் ஆட்சி, 1977. ஜனங்க ராத்திரியோட ராத்திரியா காணாமப் போறாங்க. பேராயர் ஜனானி லுவும் வீட்டையே ராணுவக்காரங்க வந்து சோதனை போடறாங்க. அவரும் மத்த ஆங்கிலிக்கன் பேராயர்களும் சேந்து, நடக்கற கொலைகள கண்டிச்சு அமீனுக்கே கடிதம் எழுதினாங்க. அந்த பிப்ரவரி 16ஆம் தேதி லுவும் கொல்லப்பட்டாரு. கார் விபத்துன்னு அரசாங்கம் சொல்லுச்சு, யாரும் நம்பல. இன்னைக்கு லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபே வாசல்ல இருபதாம் நூற்றாண்டு ரத்தசாட்சிகள்னு பத்து சிலை இருக்கு, அதுல அவரும் ஒருத்தரு. சபைத் தலைவர் எழுதறது சபைக்குள்ள மட்டும் படிக்கறதுக்கு இல்ல, ஜனத்துக்காக ராஜாவப் பாத்தும் எழுத வேண்டி வரும்னு அவரு வாழ்க்கைல இருந்து நாம தெரிஞ்சுக்கணும்.

மடல்கள்ல "மிஷனின் ஐந்து அடையாளங்கள்"னு அடிக்கடி வரும், புதுசா கேக்கறவங்களுக்கு இது புரியாது, அதனால இதக் கொஞ்சம் நின்னு சொல்றேன். உலக ஆங்கிலிக்கன் சபைங்களுக்கு ஒரு பொது ஆலோசனைக் குழு இருக்கு, பேராயருங்க மட்டும் இல்லாம ஆயர்களும் சாதாரண சபை ஜனங்களும் உக்காந்து பேசற எடம் அது. 1984ல அந்தக் குழு மிஷன்னா என்னன்னு நாலு வரில எழுதுச்சு, 1990ல அஞ்சாவது சேந்துச்சு. சுருக்கமா சொன்னா, தேவனோட ராஜ்ஜியத்தோட நல்ல செய்திய அறிவிக்கறது, புதுசா விசுவாசிக்கறவங்களுக்குக் கத்துக் குடுத்து ஞானஸ்நானம் குடுத்து வளக்கறது, கஷ்டத்துல இருக்கறவங்களுக்கு அன்பா சேவை செய்யறது, அநியாயமான சமுதாய அமைப்புகள மாத்தப் பாடுபடறது, படைப்பக் காப்பாத்தறது.

மொத அடையாளம் நம்ம நாட்டுல பேசறதுக்கே தயக்கமா இருக்கற ஒன்னு. மிஷன்னாலே மதமாத்தம்னு நெனைக்கறவங்க இருக்காங்க. நான் இத மறைக்க விரும்பல, நல்ல செய்திய சொல்றது எங்க விசுவாசத்துல மொத எடத்துல இருக்கு, அரசியல் சாசனம் 25ஆவது பிரிவுலயும் ஒவ்வொருத்தருக்கும் தன் மதத்த கைக்கொள்ளவும் பரப்பவும் உரிமை இருக்கு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் இதுக்கு உட்பட்டு. ஆனா பயமுறுத்தியோ ஆசை காட்டியோ ஒருத்தர இழுத்தா அது நல்ல செய்தியே இல்ல. ஒருத்தர் வந்து கேக்கறப்ப, நான் ஏன் நம்பறேன்னு நேர்மையா சொல்லத் தெரியணும், அவ்வளவுதான். நம்ம பசங்களுக்கு அதுதான் வரமாட்டேங்குது. சர்ச்சுல மனப்பாடம் சொல்லுவாங்க, காலேஜ் ஹாஸ்டல்ல ரூம்மேட் கேட்டா வாய் அடச்சுப் போயிடுவாங்க. ரெண்டாவது அடையாளத்த நாம சரியா செய்யலன்னுதான் இதுக்கு அர்த்தம். ஞானஸ்நானத்தோட வேல முடிஞ்சுதுன்னு விட்டுடறோம். அசரியா பேராயர் ஞானஸ்நானம் வாங்கினவங்க தலைல அவங்க கையவே வைக்கச் சொல்லி, சுவிசேஷத்த சொல்லாட்டி எனக்கு ஐயோன்னு சொல்ல வைப்பாராம், பெரும்பாலும் அவங்க ஊருக்கு வெளிய ஒதுக்கி வச்ச ஏழை ஜனங்க, எழுதப் படிக்கத் தெரியாதவங்க. சொல்ல வேண்டியது ஆயர் மட்டும் இல்ல, நீயும்தான்னு அவங்களுக்கு மொத நாள்லயே சொல்லிக் குடுத்தாரு.

மூனாவது, சேவை. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ஹாஸ்டல்னு நம்ம சபைங்க இதுல பேரு எடுத்ததுதான், அதிகம் விளக்கத் தேவையில்ல. ஒன்னு மட்டும் சொல்லணும். பழைய கட்டடத்தக் காட்டி பெருமைப்பட்டுக்கிட்டே இருந்தா போதாது, இன்னைக்கு யாரு கஷ்டப்படறாங்கன்னு பாக்கணும். நம்ம பக்கம் இன்னும் பதினஞ்சு, பதினாறு வயசுல பொண்ணுங்களுக்கு கல்யாணம் பேசறாங்க. பொறந்த பொண்ணு கொழந்தைய வேணாம்னு விட்டுடற கொடுமையால தொட்டில் குழந்தைத் திட்டத்த 1992ல சேலத்துல ஆரம்பிச்சு, 2001ல தர்மபுரி வரைக்கும் கொண்டு வர வேண்டி இருந்துச்சு. ஒரு பெண்கள் ஐக்கிய சங்கம் மனசு வச்சா, பத்தாவது முடிச்ச பொண்ணு பதினொன்னாவதுல சேந்தாளான்னு அந்தத் தெருவுல போயி கேக்கலாம், சேரலன்னா அந்த அம்மா அப்பாகிட்ட உக்காந்து பேசலாம், கல்யாண ஏற்பாடு நடக்குதுன்னு தெரிஞ்சா குழந்தைகள் உதவி எண் 1098க்கு ஒரு போன் போடலாம். இதுக்கு பட்ஜெட் கூட வேணாம்.

நாலாவதுதான் எனக்கு ரொம்ப முக்கியம். 2012 அக்டோபர் கடைசி, நவம்பர் தொடக்கத்துல அந்த ஆலோசனைக் குழு நியூசிலாந்து ஆக்லாந்துல கூடுச்சு. அநியாய அமைப்புகள மாத்தணும்னு மட்டும் இருந்த வரியோட, எல்லா விதமான வன்முறையையும் எதிர்க்கணும், சமாதானத்தையும் ஒப்புரவாகறதையும் தேடணும்னு அப்போதான் சேத்தாங்க. அதே நவம்பர் 7ஆம் தேதி நம்ம தர்மபுரி பக்கத்துல நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டில தலித் ஜனங்களோட வீடுங்க எரிஞ்சுச்சு, இருநூறுக்கு மேல. ஒரு பொண்ணும் பையனும் சாதி தாண்டி கல்யாணம் பண்ணிக்கிட்டது காரணம்னு கெளம்பின கூட்டம், சிறுகச் சிறுக சேத்த பீரோ, வண்டி, பசங்க சர்டிபிகேட் எல்லாத்தையும் சாம்பலாக்கிட்டுப் போச்சு. உலகத்தோட ஒரு மூலைல எழுதின அந்த வரி வேற யாருக்கோ இல்ல, நமக்குத்தான்னு அந்தத் தேதிய நெனைக்கறப்பல்லாம் எனக்குத் தோணும்.

இன்னும் பின்னாடி போனா, அரூர் பக்கம் வாச்சாத்தி, 1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடறோம்னு போன வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆளுங்க அந்த மலைவாழ் ஜனங்கள அடிச்சு, வீட்ட நொறுக்கி, 18 பெண்கள நாசம் பண்ணினாங்க. பழங்குடி மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சிக்காரங்களும் விடாம நின்னதாலதான் கேஸ் நகந்துச்சு, 2011ல தர்மபுரி கோர்ட்டு 269 பேரையும் குற்றவாளின்னு சொல்லுச்சு, அதுல 54 பேரு அதுக்குள்ள செத்தே போயிருந்தாங்க, 2023ல ஹைகோர்ட்டும் அந்தத் தீர்ப்ப உறுதி பண்ணுச்சு. பத்தொம்பது வருஷம் ஒரு ஊர் நீதிக்காக காத்துகிட்டு இருந்திருக்கு. நாலாவது அடையாளத்த மேடைல அழகா பேசற எந்த சபையும், இந்த மாதிரி ஊர் ஜனங்களுக்குப் பக்கத்துல போயி நின்னோமான்னு தன்னையே கேக்கணும், நம்ம ஆளு செய்யாட்டியும் நீதிக்கு நின்னவங்கள மதிக்கணும். கல்லறைத் தோட்டத்துலயும் கமிட்டி எலெக்‌ஷன்லயும் கல்யாணப் பேச்சுலயும் சாதி பாக்கற சபை, வெளிய போயி ஒப்புரவப் பத்திப் பேசினா யாரும் கேக்கமாட்டாங்க, கேக்கவும் வேண்டியதில்ல. ஒரு பேராயர் இதப் பத்தி வெளிப்படையா எழுதினா சில பேருக்குக் கோவம் வரும். வரட்டும். அந்த மாதிரி மடலத்தான் நான் எதிர்பாக்கறேன்.

அஞ்சாவது, படைப்பு. இது மரம் நடற விழாவோட முடியற விஷயம் இல்ல. நம்ம மாவட்டத்துல நெலத்தடித் தண்ணில ஃபுளோரைடு இருந்து, பல்லு கறை படிஞ்ச பசங்க, எலும்பு வளஞ்ச பெரியவங்கன்னு எத்தன ஊரு பாத்துட்டோம். ஜப்பான் கடனுதவியோட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ல வந்ததுக்கு முக்கியக் காரணமே அதுதான். அந்தப் பக்கம் ஓசூர்ல கெலவரப்பள்ளி அணைல தென்பெண்ணைத் தண்ணி நுரை நுரையா வர்றத டிவில பாத்திருப்பீங்க, மேல பெங்களூர்ல இருந்து வர்ற கழிவு. காவிரித் தண்ணி நம்ம தெருவுக்கு சரியா வருதா, வராத அன்னைக்கு எந்த போர் தண்ணியக் குடிக்கறோம், அத டெஸ்ட் பண்ணியாச்சா, இதெல்லாம் சபைக் கூட்டத்துல பேசற விஷயமா ஆகணும். 2022ல உலகம் முழுக்க இருந்து பேராயருங்க கூடின லாம்பெத் மாநாட்டுல, ஒவ்வொரு சபையும் தன் ஊர்ல காட்டையும் மண்ணையும் மீட்டெடுக்கற வேலைய செய்யணும்னு ஒரு திட்டத்த ஆரம்பிச்சாங்க. அந்த மாநாடு 1867ல இருந்து நடக்குது, சுமார் பத்து வருஷத்துக்கு ஒரு தடவ, அங்க இருந்து வர்ற அழைப்புதான் பல நேரம் நம்ம மடல்ல வந்து இறங்குது.

ஒரு விஷயம் ஒளிக்காம சொல்லிடணும். ஆங்கிலிக்கன் தலைவருங்க எல்லாரும் ஒரே குரல்ல பேசறது இல்ல. முக்கியமா ஒரே பாலினத்தவர் திருமணம், வேதத்த எப்படி புரிஞ்சுக்கறதுங்கற விஷயத்துல பெரிய பிரிவு இருக்கு, 2008ல எருசலேம்ல கூடின காஃப்கான்னு ஒரு அணி தனியா நிக்குது, ஆப்பிரிக்கத் தலைவருங்க பல பேரு அதுல இருக்காங்க. அதனால வாட்ஸாப்ல ஒரு "ஆங்கிலிக்கன் பேராயர் செய்தி" வந்தா, எழுதினது யாரு, எந்த நாட்டு சபை, யாருக்கு எழுதினாங்கன்னு பாத்துட்டு அப்புறமா அடுத்தவங்களுக்கு அனுப்புங்க.

இன்னொன்னு, நெறைய பேரு என்கிட்ட நேராவே கேக்கறாங்க. "சபைக்குள்ள தேர்தல் சண்ட, சொத்து கேஸ், கோர்ட்டுன்னு அலையறாங்க, இவங்க எழுதறத நாங்க ஏன் கேக்கணும்?" நியாயமான கேள்வி, அந்தக் கோவத்துல விசுவாசமும் இருக்குன்னுதான் நான் நெனைக்கறேன், சபை மேல அக்கறை இல்லாதவனுக்கு கோவமே வராது. என் பதில் இதுதான். மடல எழுதினவரு முகத்த வச்சு மட்டும் அளக்காதீங்க, அதுல இருக்கறது சுவிசேஷமான்னு அளங்க. இருந்தா எடுத்துக்குங்க, அவரையும் அதே அளவால அளக்க உங்களுக்கு உரிமை இருக்கு. லெந்து காலம் (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்), அட்வெந்து (கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரங்கள்), பெந்தெகொஸ்தே பண்டிகை மாதிரி நேரத்துல வர்ற மடல வீட்டுக்குக் கொண்டு போயி, ராத்திரி குடும்ப ஜெபத்துல ஒரு பத்தி மட்டும் வாசிங்க. இதுல நம்ம களைப்பப் பத்தி எங்க சொல்லியிருக்கு, தேவன் செஞ்சது எங்க, நம்மள எங்க அனுப்பறாரு, இந்த மூனையும் பசங்களையே தேடச் சொல்லுங்க. அனுப்பற எடமே இல்லன்னா அது வெறும் ஆறுதல் வார்த்தை, களைப்பப் பாக்கவே இல்லன்னா அது வெறும் உத்தரவு. ரெண்டும் இருக்கற மடல பத்திரமா வச்சுக்குங்க, அடுத்த வருஷமும் படிக்கலாம். 2020ல கொரோனால சர்ச் கதவு பூட்டி இருந்தப்போ போன்ல வந்த மடல்கள இன்னும் அழிக்காம வச்சிருக்கற பாட்டிங்க நம்ம சபைலயே இருக்காங்க.

கடைசியா, இது ஒருவழிப் பாதை கிடையாதுன்னு பல பேருக்குத் தெரியவே தெரியாது. நம்ம முறைல பேராயர் தனியா சபைய நடத்தறது இல்ல, ஆயர்களும் சபை ஜனங்களோட பிரதிநிதிகளும் சேந்து உக்காருற திருமண்டலக் கவுன்சில் இருக்கு, அதுக்கு மேல எல்லாத் திருமண்டலத்துக்கும் பொதுவா சினட்னு ஒரு மன்றம் இருக்கு. உங்க சேகரத்துல இருந்து போற பிரதிநிதி யாருன்னு கேட்டுத் தெரிஞ்சுக்குங்க. மடல் வந்ததும் வாலிபர் சங்கமோ பெண்கள் ஐக்கிய சங்கமோ கூடி, எங்க ஊர்ல நெலம இது, இந்த வரி எங்களுக்கு தெம்பா இருந்துச்சு, இந்த விஷயத்தப் பத்தி நீங்க எழுதவே இல்லையே, அடுத்த தடவ எழுதுங்கன்னு ஒரு பக்கம் பதில் எழுதுங்க. மரியாதையா எழுதுங்க, ஆனா நடக்கறத நடக்கறபடியே எழுதுங்க. பேராயர் அலுவலகத்துக்கு தபால்ல போடலாம், ஆயர் ஐயா கையில குடுத்தும் அனுப்பலாம், சேகரத்தோட பேரையும் கூடிப் பேசின தேதியையும் மேல எழுதிடுங்க.